ஒன்றும் தராத கூட்டம்

கிளிநொச்சியில் நான் பேசிய முதல் கூட்டத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் பாளையங்கோட்டையில் நான் பிரபஞ்சத்தைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டால் முன்வரிசையில் என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் இருப்பார்கள். பின்வரிசையில், அடுத்து நடக்கப்போகும் நாட்டிய நிகழ்ச்சிக்குச் சீக்கிரமே வந்துவிட்ட அம்மாக்கள் இருப்பார்கள். நடுவில் மின்விசிறி சுற்றும். அப்படியே பழகிப்போன எனக்கு, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, கதிரைகளை வரிசையாக இழுத்துப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு சும்மா கிடக்காமல், கணக்கு ஒரு வரிகூட இல்லாமல் பிரபஞ்சத்தை விளக்குகிறேன் பேர்வழி என்று ஒரு புத்தகம் எழுதினேன். ஊரில் அது பெரும்பாலும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஒரு பிரதி மட்டும் எப்படியோ கடல் தாண்டி சுகந்தினியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சுகந்தினி மாங்குளத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் ஆசிரியை. நாங்கள் இயற்பியல் என்பதை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வன்னிக்கு வந்து நாலு இடத்தில் பேசிவிட்டுப் போங்கள் என்று கேட்டாள். முழங்கால் வேண்டாம் என்றது. புத்தகத்தை ஒருத்தி முழுதாகப் படித்திருக்கிறாளே என்ற மயக்கத்தில் கிளம்பிவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ் ஆனையிறவில் நடுப்பாதையில் புகைந்து நின்றது. இருபுறமும் உப்பளம், வெயில் கண்ணைக் குத்தியது. எல்லாரும் பழகிய மாதிரி இறங்கி, பஸ்ஸின் நிழலில் ஒண்டிக்கொண்டார்கள். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் டிரைவரின் பரம்பரையே சந்திக்கு வந்திருக்கும். இங்கே ஒருவர் இன்னொருவரிடம், இந்த பஸ் வழியில் நிற்காவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்றார், அவ்வளவுதான். பொறுமைசாலிகள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். காத்திருந்து காத்திருந்து வந்த பொறுமை அது என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று.

கூட்டத்துக்கு வருகிறேன். பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்றேன். ‘ஓம்’ என்றார்கள். ஆமாம் என்பதை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். நட்சத்திரங்களின் தூரத்தைச் சொன்னேன். ‘ஓம், ஓம்.’ கனமான பொருளுக்குப் பக்கத்தில் காலமே மெதுவாக ஓடும் என்றேன். அதற்கும் ‘ஓம்’. இத்தனை வருஷம் வகுப்பு எடுத்ததில் இந்த இடத்தை யாரும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில்லை. நானே முதல் தடவை படித்தபோது ஒரு வாரம் வாத்தியாரோடு சண்டை போட்டேன்.

பேச்சு முடிந்ததும் யாரும் சொல்லாமலே எல்லாரும் எழுந்து, சுகந்தினி கட்டியிருந்த பேனருக்கு முன்னால், உயரமானவர்கள் பின்னால், குள்ளமானவர்கள் முன்னால் என்று வரிசையாக நின்றார்கள். ‘போட்டோ எடுக்கேல்லையோ?’ என்று ஒரு அம்மா கேட்டார். எடுத்தோம். பிறகும் போகவில்லை. பணிஸ் என்கிற பன்னும் தேநீரும் முடிந்து வெகுநேரம் வரை உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டு, இந்த ஜனங்களுக்கு என்ன ஒரு அறிவுத் தாகம் தெரியுமா என்றேன். வெயிலுக்குத் தாகமாக இருக்கும், தண்ணி குடுத்தியா என்று கேட்டாள் அவள்.

மறுநாள் சுகந்தினியின் கிராமத்துக்கு நியாஸின் ஓட்டோவில் போனோம். நியாஸ் முல்லைத்தீவுக்காரர். சின்ன வயதில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளம் போய், அங்கே வளர்ந்து, தன் பிள்ளைகளோடு திரும்பி வந்தவர். அதை அவர், நடுவில் கொஞ்சநாள் வேலை மாற்றிப் போனவர் மாதிரி ஒரே வரியில் சொன்னார். ஓட்டோவின் பின்சீட்டில் நானும் சுகந்தினியும், எங்கள் மடிகளில் புரஜெக்டர். மாங்குளம் சந்தி தாண்டிக் காட்டுப் பக்கம் திரும்பியதும் டயர் போயிற்று. வழியெங்கும் யானை லத்தி கிடந்தது. பழசா புதுசா என்று கேட்டேன். நியாஸ் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு, ‘பயப்பிடாதேங்கோ அம்மா, நேத்தையான்’ என்றார். இன்றைக்கு உள்ளது இனிமேல்தான் வரும் என்பதை அவர் சொல்லவில்லை.

டயர் மாற்றும் நேரத்தில்தான் சுகந்தினி என்னை ஏன் கூப்பிட்டாள் என்று சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்கு, அதாவது எங்கள் ஊர் பிளஸ் டூவுக்கு, கணிதப் பிரிவு சும்மா பேருக்குத்தான் இருந்தது. இந்த வருஷம் சேர வேண்டிய அளவுக்குப் பிள்ளைகள் சேராவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள். சேர்ந்த பிள்ளைகள் வவுனியாவில் விடுதி பார்க்க வேண்டும், அது முடியாதவர்கள் வேறு பாடம் எடுக்க வேண்டும். அவளுக்கும் இடமாற்றம் வரும். இன்னும் ஒரே ஒரு பிள்ளை வேண்டும். திங்கட்கிழமை காலை கடைசி.

பிள்ளைக்குப் பேரும் இருந்தது, தர்சிகா. கணக்கென்றால் உயிர். ஆனால் அவளுடைய அம்மா வசந்தி, மகளைக் காமன்ற் வேலைக்கு அனுப்பப் போகிறாள். தையல் தொழிற்சாலையை இங்கே காமன்ற் என்கிறார்கள். விடிகாலையில் தொழிற்சாலை பஸ் ஊர் ஊராக வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிப் போகும், பொழுது பட்டபின் இறக்கிவிடும். புருஷன் இல்லாமல் கொஞ்ச வயலையும் நாலு மாட்டையும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவள் வசந்தி. குறை சொல்ல நாம் யார்?

‘நீங்கள் கதைச்சால் அவா கேப்பா அம்மா’ என்றாள் சுகந்தினி. வெளிநாட்டிலிருந்து வந்த ஆள், புத்தகம் எழுதின ஆள் என்பதெல்லாம் அவள் கணக்கு. பிரபஞ்சத்தை விளக்கச் சொன்னால் விளக்கலாம். ஒரு வீட்டு அடுப்பைப் பற்றி நான் என்ன சொல்ல?

கமக்காரர் மண்டபத்தில், அதாவது விவசாயிகள் மண்டபத்தில் கூட்டம். இங்கேயும் உட்கார இடமில்லை. புரஜெக்டரைப் போட்டு முதல் படம் வந்ததும் கரண்ட் போயிற்று. எங்கள் ஊர் நினைவு வந்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பிரபஞ்சம் விரிவதைக் காட்டப் பலூன் கொண்டுபோயிருந்தேன். வெயிலில் அது ஓட்டோவுக்குள்ளேயே இளகி ஒட்டிக்கொண்டு கிடந்தது. சரி, வந்தது வரட்டும் என்று வாசலில் நின்ற சைக்கிள் ஒன்றின் கரியரில் சுற்றியிருந்த ரியூப் பட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். பழைய டயர் ரியூப்பை நீளவாக்கில் வெட்டின பட்டி. விறகோ மூட்டையோ எதையும் அதால்தான் கட்டுகிறார்கள், வன்னியில் அது இல்லாத கரியர் கிடையாது. ‘அது என்ரை’ என்று மூன்றாவது வரிசையில் மெலிந்த ஒரு பெண் பாதி எழுந்தாள். சுகந்தினி என் காதில், ‘அவாதான் வசந்தி’ என்றாள். பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு பிள்ளை.

பட்டியில் சாக்கட்டியால் கோடுகள் போட்டேன். ஒரு முனையை நியாஸிடம் கொடுத்து, மறுமுனையை நான் பிடித்து இழுத்தேன். பாருங்கள், ஒவ்வொரு கோடும் மற்றக் கோடுகளை விட்டு விலகிப் போகிறது. எந்தக் கோட்டில் நின்று பார்த்தாலும், நான் நிற்கிறேன், மற்றவர்கள்தான் போகிறார்கள் என்றே தோன்றும். அப்படியானால் நடு எது? நடு என்று ஒன்று கிடையாது. நட்சத்திரக் கூட்டங்கள் ஓடவில்லை, அவற்றுக்கு இடையே உள்ள வெளிதான் நீள்கிறது. ‘ஓம்’ என்றார்கள்.

அப்போது தர்சிகா கை தூக்கினாள். வன்னியில் எனக்குக் கிடைத்த முதல் கேள்வி அது.

‘ரீச்சர், பட்டியை இழுக்கேக்கை நீங்கள் போட்ட கோடும் அகலுது. அப்ப நாங்களும் பெருக்கிறமோ?’

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கல்லூரியில் முதுகலை வகுப்பில் எதிர்பார்த்து, கிடைக்காமல் நானே கேட்டு நானே பதில் சொன்ன கேள்வி. பட்டியில் நாலைந்து முடிச்சுப் போட்டேன். மறுபடி இழுத்தோம். இடையில் உள்ள ரப்பர் நீண்டது, முடிச்சு அப்படியே இருந்தது. பூமி, சூரியன், நம் நட்சத்திரக் கூட்டம் எல்லாம் இந்த முடிச்சு மாதிரி, ஈர்ப்பு விசை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறது, அதனால் நாம் பெருப்பதில்லை என்றேன். நான் பெருத்திருப்பது வேறு காரணத்தால் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. தர்சிகா மட்டும் முடிச்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொலைவில் பார்ப்பது பழசைப் பார்ப்பது என்பதற்கு வாய்க்காலைப் பிடித்தேன். காலையில் குளத்துத் துருசைத் திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் வர எவ்வளவு நேரமாகும்? அங்கே நீங்கள் காண்பது காலையில் கிளம்பின தண்ணீர். நட்சத்திர வெளிச்சமும் அப்படித்தான், எப்போதோ கிளம்பினது இப்போதுதான் வந்து சேர்கிறது. பின்னாலிருந்து ஒருவர், கடைசிக் காணிக்காரருக்குத் தண்ணி வந்து சேர்றதே இல்லை ரீச்சர் என்றார். அதற்கு மட்டும் மண்டபம் மனம்விட்டுச் சிரித்தது. அது விளையாட்டில்லை, அப்படியும் உண்டு என்றேன். மிகமிகத் தொலைவில் கிளம்பும் வெளிச்சம் நம்மை நோக்கி வந்துகொண்டே இருக்கும், ஆனால் இடையில் உள்ள வெளி அதைவிட வேகமாக நீண்டுகொண்டே போகும். அது ஒருநாளும் நம்மிடம் வந்து சேராது. சிரிப்பு அடங்கிவிட்டது.

கடைசியாக இரைச்சலைச் சொன்னேன். பழைய றேடியோவில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ‘ஸ்ஸ்’ என்று வருமே, அதில் மிகச் சின்ன ஒரு துளி, பிரபஞ்சம் தொடங்கின காலத்துச் சூட்டின் மிச்சம். இன்னும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. நாம் அதைக் கரகரப்பு என்று திருகி மாற்றிவிடுகிறோம். ‘ஓம்’ என்றது மண்டபம். வசந்தி மட்டும் சொல்லவில்லை. வாயைக் கோணி, மகளிடம் ஏதோ முணுமுணுத்தாள். கதை விடுகிறாள் இந்த மனுசி என்பதாகத்தான் இருக்கும். எனக்கு ஏனோ அவளைப் பிடித்துப்போயிற்று.

முடிந்ததும் பேனர் முன்னால் வரிசை. போட்டோ. பணிஸ். பிறகு அதே காத்திருப்பு. இந்தத் தடவை வசந்தி நேராக என்னிடம் வந்து, ஒரு பிளாஸ்ரிக் உறையை நீட்டினாள். அடையாள அட்டை, குடும்ப அட்டை, எல்லாவற்றுக்கும் போட்டோக்கொப்பி.

‘பதிவு எங்கை ரீச்சர்?’

என்ன பதிவு என்று கேட்டேன். நீங்கள் தரப்போற உதவிக்கு என்றாள். அவளுக்குப் பின்னால் பார்த்தேன். மண்டபம் முழுக்க ஒவ்வொரு கையிலும் அதே மாதிரி உறை. கிளிநொச்சியில் மடியில் வைத்திருந்த கைகளுக்குக் கீழேயும் அது இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. வெளியூரிலிருந்து ஆள் வருவது, பேனர், புரஜெக்டர், பணிஸ், போட்டோ. சண்டை முடிந்த இந்த மண்ணில் எத்தனையோ வருஷமாக இப்படித்தான் கூட்டம் நடக்கிறது. பேசுகிறவர் முடிக்கும்வரை தலையாட்ட வேண்டும், கடைசியில் உதவிக்குப் பேர் பதிவார்கள். பிரபஞ்சத்தின் தொடக்கத்தையும் முடிவையும் அந்தப் பதிவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். எனக்கு முகம் எரிந்தது.

இது உதவிக் கூட்டம் இல்லை, பதிவு எதுவும் இல்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதிரைகளை மடித்து ஓரமாக அடுக்கிவிட்டுப் போனார்கள்.

வசந்தி போகவில்லை. உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

‘சரி. நீங்கள் சொன்னதுகளைப் படிச்சால் என்ரை பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?’

இதற்காகத்தான் சுகந்தினி என்னைக் கடல் தாண்டிக் கூட்டிவந்தாள். அவள் என் தோளுக்குப் பக்கத்தில் மூச்சுவிடாமல் நின்றாள். இன்ஜினியர் ஆகலாம், வெளிநாடு போகலாம் என்று எடுத்துவிட்டிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் எனக்கு அலுத்துப்போயிருந்தது. வெயில், முழங்கால், மத்தியானம் சாப்பிடாத வயிறு, இப்போதுதான் மடித்து அடுக்கப்பட்ட அந்தக் கதிரைகள்.

‘பெரும்பாலும் ஒண்ணும் கிடைக்காதும்மா’ என்றேன். ‘வேலை கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. எனக்குக் கிடைச்சது ஒரு வாத்தியார் வேலையும் முழங்கால் வலியும். தலைக்கு மேல என்ன நடக்குதுன்னு புரியும். அவ்வளவுதான். ஆனா உங்க பொண்ணு கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அது மட்டும் நிச்சயமாத் தெரியும்.’

வசந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ‘ஓம்’ என்றாள். பட்டியை என் கையிலிருந்து வாங்கி, மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

இரவு சாப்பாட்டில் சுகந்தினி சிவப்பரிசிப் பிட்டும் சொதியும் மீன் பொரியலும் வைத்தாள். நான் வந்த நாள் முதல் அதைப் புகழ்ந்து தள்ளிக்கொண்டிருந்தேன், எங்கள் ஊர் புட்டு இதற்குக் கால்தூசி பெறாது. ‘சாப்பிடுங்கோ மேடம்’ என்றாள். அதுவரை அம்மாவாக இருந்தவள் நான்.

மூன்றாம் நாள் கொக்கிளாய். கடற்கரையோரக் கட்டடம், பின்னால் களப்பு என்கிற உப்பங்கழியில் தோணிகள் நின்றன. கூட்டத்துக்கு வந்தது வலை காயப்போட்டுவிட்டு நிழலுக்கு ஒதுங்கின இரண்டு கிழவர்களும் ஒரு நாயும். ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்று புத்தகத்தில் எழுதியவள் நான். வன்னியில் ‘அந்த மனுசி ஒண்டும் தராது’ என்ற செய்தி அதையும் மிஞ்சிவிட்டது. பேனர் காற்றில் படபடத்தது. ஒரு கிழவர் கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். விழித்திருந்தவருக்காகக் கருந்துளையைப் பற்றி முழுசாகச் சொன்னேன். விழுந்தது திரும்பாது என்றால் எங்கடை கடலும் அப்பிடித்தான் என்றார் அவர். சரி என்று விட்டேன், வாதாடத் தெம்பில்லை.

மத்தியானம் நியாஸ் தெரிந்த வீடொன்றில் இறால் குழம்பு வாங்கிக் கொடுத்தார். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அதுதான் சாக்கு என்று கொஞ்சம் கூடவே துடைத்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். எங்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டவை அம்மா, திரும்பி வந்த புதுசிலை, என்றார். அடையாள அட்டைக் கொப்பி எடுக்கிற கடைக்காரன்தான் அந்தக் காலத்தில் இங்கே நன்றாகப் பிழைத்த ஒரே ஆள் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு, கூட்டம் இல்லை. காலையில் குசினியில் சுகந்தினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன். வசந்தி வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போ, இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன் என்றேன். துருவல் நின்றது.

‘என்னத்தைச் சொல்லப் போறியள்? வேலை கிடைக்கும் எண்டோ? மற்றவையைப் போலையோ?’

அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அவளும் என் முகத்தைப் பார்க்காமல், ‘நீங்கள் நாளைக்குப் போயிடுவியள் மேடம். நான் இஞ்சைதான் இருக்க வேணும்’ என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தேங்காயிடம் சொன்ன மாதிரிதான் இருந்தது. எத்தனை வருஷம் கரும்பலகையோடு தனியாக மல்லுக்கட்டினவள் என்று அந்தக் குரலில் தெரிந்தது. உண்மையைச் சொன்ன பெருமை எனக்கு ஒரு பொட்டுக்கூட இல்லை. என் அலுப்புக்கு இவளுடைய வகுப்பைப் பலி கொடுத்துவிட்டேனே என்றுதான் அடித்துக்கொண்டது. நாங்கள் வசந்தி வீட்டுக்குப் போகவில்லை. வெங்காயம் முழுவதையும் உரித்து முடித்தேன்.

திங்கட்கிழமை காலை நான் வவுனியா பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில்தான் அது நிற்கும் என்பதால் சுகந்தினியோடு வெள்ளனவே போய், மாமர நிழலில் பெட்டியோடு உட்கார்ந்தேன். வரும் வழியிலேயே காமன்ற் பஸ் எங்களைக் கடந்து போனது. ஜன்னல் ஓரமெல்லாம் பெண்பிள்ளைகள், பாதிப் பேர் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூக்கம். இரட்டைப் பின்னல் எதையும் நான் காணவில்லை, ஆனால் பஸ் நிற்காமல் போய்விட்டது, சரியாகப் பார்க்க முடியவில்லை. சுகந்தினி பார்க்கவே இல்லை.

அவள் வகுப்பறைக்குள் போய், வரவேண்டிய பிள்ளைகளுக்காகக் கரும்பலகையைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். தர்சிகா வரவில்லை. மணி அடித்தது. தலைமையாசிரியர், இங்கே அதிபர், வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து பெட்டியைத் தூக்கியபோது கேற்றில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மிதித்து வந்தவள் வசந்தி. பின்னால் வெள்ளைச் சீருடையில் தர்சிகா குதித்து இறங்கினாள். அவளுடைய புத்தகப் பையை அந்த ரியூப் பட்டியால்தான் கட்டியிருந்தார்கள். நான் போட்ட முடிச்சுகள் அவிழ்க்காமல் அப்படியே இருந்தன. மாடு ஒன்று வயலில் இறங்கிவிட்டதாம், அதைத் துரத்திப் பிடித்ததில் பிந்திவிட்டது என்றாள் வசந்தி. மகள் பையை அவிழ்த்துக்கொண்டு வகுப்பை நோக்கி ஓடினாள். உள்ளே டஸ்டர் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

நான் வசந்தியிடம் வாயைத் திறந்தேன். ஏன் அனுப்பினாய் என்று கேட்கவா முடியும்? அவளே சொன்னாள்.

‘இஞ்சை வந்து கூட்டம் வைச்ச எல்லாரும் தாறம் எண்டுதான் சொன்னவை. கிணறு தாறம், வீடு தாறம், வேலை தாறம். ஒண்டும் கிடைக்காது எண்டு முகத்துக்கு நேரை சொன்னது நீங்கள் ஒராள்தான்.’ சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். ‘அப்ப நீங்கள் சொன்ன மற்றதுகளும் பொய்யா இராது எண்டு யோசிச்சன்.’

எனக்குக் கண் மறைத்தது. இந்தத் தடவை இறால் குழம்பு எதுவும் இல்லை, சாக்குச் சொல்ல.

உள்ளேயிருந்து சுகந்தினி வந்தாள். கையெல்லாம் சாக்கட்டித் தூள். என்னைப் பார்த்து, ‘அம்மா, பிளேன்ரீ குடிச்சிட்டுப் போங்கோ’ என்றாள்.

பிளேன்ரீ என்றால் பாலில்லாத சாயத் தேநீர். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே அதைக் குடிக்க வேண்டும். வசந்தியும் ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு மாமரத்தடியில் குந்தினாள். சின்ன வயதில், இங்கே கரண்டும் இல்லாமல் பற்றரியும் கிடைக்காத சண்டைக் காலத்தில், அவளுடைய ஐயா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்பாராம். கை ஓய்ந்தால் றேடியோவும் ஓய்ந்துவிடும். நிலையம் பிடிபடாமல் இரைகிற நேரம்தான் அதிகம். அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போவாளாம்.

‘நீங்கள் சொன்ன சாமான் அதுக்குள்ளையும் இருந்திருக்குமோ ரீச்சர்?’

‘இருந்திருக்கும்’ என்றேன். ‘துளிதான். ஆனா இருந்திருக்கும்.’

‘அண்டைக்கு நான் வடிவாக் கேக்கேல்லை. பதிவை யோசிச்சுக்கொண்டிருந்தனான். இன்னொருக்காச் சொல்லுங்கோ.’

வவுனியா பஸ் வந்து நின்று, ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. போகட்டும் என்று பெட்டியின் மேல் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.